ஏர் இறங்காத மண்

கவுன்சில் குரோவ்

ஊர் நடுவே ஓர் ஓக் மரத்தின் அடிக்கட்டைக்குக் கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். மரம் 1958இல் காற்றில் சாய்ந்துவிட்டது. அதன் நிழலில்தான் 1825 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் ஆட்களும் ஓசேஜ் பழங்குடித் தலைவர்களும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். மிசௌரியிலிருந்து சாண்டா ஃபேவுக்குப் போகும் வணிக வண்டிகளுக்கு இந்த வழியாகப் பாதை விடுவது என்று முடிவானது. ஓசேஜ் மக்களுக்குக் கிடைத்தது சில நூறு டாலர் ரொக்கமும் கொஞ்சம் சரக்கும்.

"நம்மூர் ஆலமரத்தடிப் பஞ்சாயத்து மாதிரிங்க மாமா" என்றார் மாப்பிள்ளை.

"பஞ்சாயத்துல ரெண்டு தரப்புக்கும் பாசை ஒண்ணா இருக்கும் மாப்பிள்ளை. இங்கே எழுதுனவங்க ஒருத்தர், கைநாட்டு வெச்சவங்க இன்னொருத்தர்" என்றேன்.

மாப்பிள்ளைக்கு இதே கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் வேலை. காங்கேயம் பக்கம் மாடும், கொறங்காடு எனும் மேய்ச்சல் காடுமாக வளர்ந்த மாமனாரை நயாகராவுக்குக் கூட்டிப்போவதைவிட மேய்ச்சல் நிலத்துக்குக் கூட்டிப்போவதே மேல் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. நல்ல மருமகன். கவுன்சில் குரோவிலிருந்து தெற்கே இறங்கும் 177ஆம் எண் சாலையைப் பிடித்தால் ஃப்ளின்ட் ஹில்ஸ் எனப்படும் குன்றுகளின் நடுவே போய்க்கொண்டே இருக்கலாம். நாங்கள் போக வேண்டிய இடம் வழியில் இருக்கும் காட்டன்வுட் ஃபால்ஸ். சேஸ் கவுண்டி என்ற சிறு நிர்வாகப் பகுதியின் தலைநகரம் அது. 850 பேர் வாழும் தலைநகரம்.

புறப்படுமுன் ஊருக்குத் தென்கிழக்கே கொஞ்ச தூரம் போய்வந்தோம். கன்சாஸ் மாநிலத்துக்குப் பெயர் தந்த கான்சா மக்களுக்கு 1846இல் ஒதுக்கிய நிலம் இந்த வட்டாரத்தில்தான் இருந்தது. 1860களின் தொடக்கத்தில் அரசு அவர்களுக்குக் கல்லால் சிறு சிறு வீடுகள் கட்டிக்கொடுத்தது. செலவையும் அவர்கள் தலையிலேயே எழுதியது. அவர்கள் தங்கள் பழைய குடில்களிலேயே இருந்துகொண்டு, கல்வீட்டில் குதிரையைக் கட்டினார்கள் என்று சொல்கிறார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த தகவல் வந்ததும் சிரிப்பு நின்றது. 1873இல் மிச்சமிருந்த சில நூறு பேரையும் தெற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தபோது இருந்தவர்களில் பாதிப்பேர்கூட அப்போது உயிரோடு இல்லை.

அந்தக் கல்வீடுகளின் இடிபாடு நிற்கும் நிலத்தில் ஒரு பகுதியை 2000ஆம் ஆண்டில் அவர்களின் வழிவந்தவர்களே விலைகொடுத்து வாங்கியிருக்கிறார்கள். கடைசித் தலைவர்களில் ஒருவரான அலெகவாஹோ பெயரில் அது இப்போது நினைவுப் பூங்கா. அங்கே ஒரு பெரும் செம்பாறை நிற்கிறது, 28 டன் எடை. கான்சா மக்கள் வழிபட்ட கல் அது. வெள்ளைக் குடியேறிகளின் வழிவந்தவர்கள் 1929இல் அதைத் தூக்கிக்கொண்டுபோய் லாரன்ஸ் நகரத்துப் பூங்காவில் நட்டு, அதன்மேலேயே தங்கள் முன்னோர் பெயர்களைப் பலகையில் பொறித்து வைத்தார்கள். 2024இல்தான் கல் இங்கே வந்து சேர்ந்தது. சாமி கல்லைத் திருப்பி வாங்க 95 வருடம். அதன் முன்னால் நின்றபோது கை தானாகக் கும்பிடப் போயிற்று. மாப்பிள்ளை பார்க்காதமாதிரி இருந்துகொண்டார்.

177ஆம் சாலை

ஏப்ரல் மாதம். ஆளுயரப் புல்லைப் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கண்ணுக்கு எட்டியவரை குன்றுகள் கன்னங்கரேலென்று கிடந்தன. புகை வாசம் கண்ணாடியை ஏற்றிய பிறகும் காருக்குள் வந்தது. சில குன்றுகள் கரியாகவும், பத்து நாள் முன்னால் எரிந்தவை இளம்பச்சையாகவும், எரியாதவை போன வருடத்துக் காய்ந்த பழுப்பிலும் மாறி மாறி வந்தன. மாப்பிள்ளைக்கு ஏமாற்றம். எனக்கு அப்படியில்லை. ஒரு நிலம் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அறுவடையில் போவதைவிட வேலை நடக்கும்போது போவதுதான் சரி.

வருடா வருடம் இளவேனிலில் இந்தக் குன்றுகளில் சராசரியாக 20 லட்சம் ஏக்கருக்கு மேல் தீ வைக்கிறார்கள். காற்று வடகிழக்கே திரும்பினால் புகை கன்சாஸ் சிட்டி வரை போகும். நகரத்தார் கண்ணைக் கசக்கிக்கொண்டு திட்டுவார்கள். ஆனால் தீ இல்லாமல் புல் இல்லை. பழைய தாள் எரிந்து, கறுத்த மண் வெயிலை வாங்கிச் சூடேறி, புல் சீக்கிரம் துளிர்க்கிறது. புல்லின் உயிர் மண்ணுக்கடியில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. சாவது சீடார் மரக்கன்றுகள்தான். இரண்டு மூன்று வருடம் தீ வைக்காமல் விட்டால் சீடார் தலைதூக்கும், இருபது வருடம் விட்டால் புல்வெளி இருந்த இடத்தில் புதர்க்காடு நிற்கும். வெள்ளையர் வருமுன்பே பழங்குடிகள் இப்படித்தான் தீ வைத்துக் காட்டெருமைகளைப் பசும்புல்லுக்கு இழுத்தார்கள்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் நம் புல்வெளிகளுக்கு நேர்ந்தது நினைவுக்கு வந்தது. சோலையைச் சுற்றியிருந்த புல்லை வெள்ளைக்காரன் தரிசு என்று கணக்கெழுதினான். சீகை மரத்தையும் தைலமரத்தையும் நட்டான். சுதந்திரத்துக்குப் பிறகும் நாம் அதையே செய்தோம். புல் என்றால் ஒன்றுமில்லை என்ற எண்ணம் நமக்கு இன்னும் போகவில்லை.

இங்கும் அதே எண்ணம்தான் இருந்தது. கனடா தொடங்கி டெக்சாஸ் வரை 17 கோடி ஏக்கருக்கு இந்த உயர்புல் பரப்பு விரிந்திருந்தது. கீழே கறுப்பு மண் என்று தெரிந்ததும் எஃகு ஏர் வந்தது. ஒரு தலைமுறைக் காலத்தில் மக்காச்சோளமும் கோதுமையும் ஆகிவிட்டது. இன்று மிச்சம் 4 சதவீதத்துக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி இந்தக் குன்றுகளில்தான் இருக்கிறது. காரணம் யாருடைய நல்ல மனசும் அல்ல. மண் ஒரு சாண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல் அடுக்கு, அடுக்குக்குள் சிக்கிமுக்கிக் கல். ஏர் இறங்காது. கொழு முறிந்தது, உழவன் நகர்ந்துவிட்டான், மாட்டுக்காரன் தங்கினான்.

கொறங்காடும் அப்படி மிஞ்சியதுதான். சரளை மண், மழை குறைவு, உழுதால் கூலிக்குக் கட்டாது. அதனால் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக விட்டுவைத்தோம், சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே விட்ட மாட்டுக்கு மேய்ப்பவன் வேண்டியதில்லை. இங்கே கிளுவைக்குப் பதில் கல்வேலி. 1867இல் கன்சாஸ் அரசு திறந்தவெளி மேய்ச்சலை நிறுத்தி, நாலரை அடி உயரத்துக்குக் கல்வேலி எழுப்புகிறவருக்குப் பதினாறரை அடி நீளத்துக்கு 40 சென்ட் என்று பணம் கொடுத்தது. சுண்ணாம்பு, சிமென்ட் எதுவும் இல்லை. கல்லின்மேல் கல், அவ்வளவுதான். சில ஆண்டுகளிலேயே முள்கம்பி வந்து அந்தத் தொழிலை முடித்துவிட்டது. வேலிகள் மட்டும் சில இடங்களில் சரிந்தும் சில இடங்களில் குத்துக்கல்லாகவும் குன்றேறிப் போகின்றன.

ஸ்பிரிங் ஹில் பண்ணை

சாலையோரத்திலேயே ஒரு மாளிகை. ஸ்டீபன் ஜோன்ஸ் என்ற மாட்டுப் பண்ணையார் 1881இல் கட்டியது. வீட்டையும் மூன்றடுக்குத் தொழுவத்தையும் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லிலேயே எழுப்பியிருக்கிறார். அந்தத் தொழுவம் நம் ஊரில் இருந்தால் கல்யாண மண்டபம் ஆக்கியிருப்பார்கள்.

இந்தப் பண்ணையும் இதைச் சுற்றிய ஏறத்தாழ 11,000 ஏக்கரும் 1996 முதல் உயர்புல் தேசியக் காப்பிடம். அதற்கு முன்னால் பல பத்தாண்டுச் சண்டை. புல்வெளிக்கு ஒரு தேசியப் பூங்கா வேண்டும் என்று நகரத்தார் கேட்டார்கள். அரசாங்கம் நிலத்துக்குள் வந்தால் வெளியே போகாது என்று உள்ளூர் மாட்டுக்காரர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் கண்ட சமரசம் விசித்திரமானது. காப்பிடத்தில் கூட்டாட்சி அரசு சொந்தமாக வைத்துக்கொள்ளக்கூடியது 180 ஏக்கர்தான். மற்றதெல்லாம் தனியார் அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது, தேசியப் பூங்காத் துறை சேர்ந்து பராமரிக்கிறது. நிலத்தைப் பற்றி இவ்வளவு சந்தேகப்படும் மக்களை நான் கொங்கு நாட்டுக்கு வெளியே பார்த்ததில்லை.

காட்டெருமைகள் 2009இல் திரும்பி வந்தன, தெற்கு டகோட்டாவிலிருந்து 13. இன்று அவை மந்தையாகப் பெருகிவிட்டன. தூரத்தில் கரிந்த சரிவில் நின்றிருந்தவற்றைப் பார்த்தோம். கறுப்பின்மேல் பழுப்பு. அவை எங்களைப் பொருட்படுத்தவில்லை. பூங்காக் காவலர் பெண்மணி, நூறு கெஜத்துக்குக் கிட்டே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டு, "அவை மெதுவாக இருப்பதுபோலத் தெரியும்" என்று நிறுத்திக்கொண்டார். காங்கேயம் காளையிடம் வளர்ந்தவனுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

எரிந்த நிலத்தில் குனிந்து பார்த்தேன். ஈ நுழையாத அளவுக்கு நெருக்கமாக ஒரு விரல் உயரத் துளிர். இது செப்டம்பரில் ஆள் மூழ்கும் உயரம் வரும் என்றும், வேர் பத்தடிக்கு மேல் இறங்கும் என்றும் அந்தப் பெண்மணி சொன்னார். கல்லின் இடுக்குகளில் புகுந்து போகுமாம். ஏர் போகமுடியாத இடத்துக்கு வேர் போகிறது.

கொஞ்சம் வடக்கே குன்றின்மேல் தனியாக ஒரு சின்னக் கல்கட்டடம். 1882இல் எழுந்த ஓரறைப் பள்ளிக்கூடம். சுற்றிலும் வீடே இல்லை. பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று மாப்பிள்ளை கேட்டார். குதிரையில் வந்திருப்பார்கள், நடந்து வந்திருப்பார்கள். பள்ளி 1930இல் மூடிவிட்டது.

ஸ்ட்ராங் சிட்டி

பெயர்தான் சிட்டி. நானூறு பேர்கூட இல்லை. 1871இல் ரயில் வந்தபோது பாதை காட்டன்வுட் ஃபால்ஸைத் தொடாமல் இரண்டு மைல் வடக்கே ஓடியது. ரயில் நின்ற இடத்தில் இந்த ஊர் முளைத்தது. ரயில் கம்பெனித் தலைவர் பெயரையே ஊருக்கு வைத்துக்கொண்டார்கள். கல் குவாரிகள் இங்கே, சரக்கு ஏற்றுவது இங்கே, கோர்ட் அங்கே. இரண்டுக்கும் நடுவே ஒரு காலத்தில் குதிரை இழுத்த டிராம் ஓடியது. இப்போது ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது, சரக்கு ரயில்கள் நிற்காமல் போகின்றன. 1930களின் கடைசியிலிருந்து ஜூன் மாதம் நடக்கும் ரோடியோ மட்டும் ஊருக்குக் கூட்டம் சேர்க்கிறது. அதாவது குதிரையேற்றமும் காளையேற்றமும். ஏறு தழுவுவதை நம் ஊரில் தடை செய்யத் துடித்த அமெரிக்க விலங்குநேயர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை போலும்.

காட்டன்வுட் ஃபால்ஸ்

ஆற்றைக் கடக்கிறோம். பழைய மாவு மில்லுக்காகக் கட்டிய தடுப்பணையில் தண்ணீர் வழிகிறது. பக்கத்தில் 1914இல் கட்டிய வளைவுப் பாலம் இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். பாலத்தில் இரண்டு பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தே தெரிகிறது, செங்கல் பாவிய பிராட்வே தெருவின் கடைசியில், செங்கூரையும் கடிகாரக் கோபுரமுமாக, ஊருக்குச் சம்பந்தமில்லாத பருமனில் ஒரு கட்டடம்.

அதுதான் கவுண்டி கோர்ட் ஹவுஸ். 1871இல் தொடங்கி 1873இல் முடித்திருக்கிறார்கள். கன்சாஸில் இன்றும் வேலை நடக்கும் கோர்ட் ஹவுஸ்களில் இதுவே மூத்தது. வரைந்தவர் ஜான் ஹாஸ்கெல், டொபீகாவில் மாநிலத் தலைமைச் செயலகக் கட்டட வேலையிலும் இருந்தவர். பாரிஸில் அப்போது மோஸ்தராக இருந்த சரிவுக்கூரையை இந்தப் புல்காட்டில் கொண்டுவந்து வைத்தார். கல் பக்கத்துக் குன்றில் வெட்டியது. செலவு 40,000 டாலருக்கு மேல். அப்போது இந்தக் கவுண்டி முழுக்கச் சேர்த்தால் 2,000 பேர் சொச்சம். பெரும்பாலோர் மரக்கட்டை வீட்டில் இருந்தவர்கள்.

எதற்கு இவ்வளவு ஆடம்பரம்? உள்ளே வரி கட்டும் சாளரத்தருகே நின்ற பெரியவர், டிராக்டர் கம்பெனித் தொப்பி போட்டவர், இதற்குப் பதில் சொன்னார். கோர்ட் போன ஊர் செத்த ஊர் என்றார். கன்சாஸில் 105 கவுண்டிகள். விவசாயி காலையில் வண்டி கட்டிவந்து, வேலையை முடித்து, இருட்டுமுன் வீடு திரும்பும் தூரத்தில் கோர்ட் இருக்க வேண்டும் என்பது கணக்கு. எந்த ஊருக்குத் தலைநகரப் பதவி என்பதில் வெட்டு குத்தே நடந்திருக்கிறது. இந்த ஊரில் முதல் பத்திரிகையை 1859இல் நடத்திய சாம் வுட் என்ற அடிமைமுறை எதிர்ப்பாளர், பின்னாளில் மேற்குக் கன்சாஸில் அப்படியொரு தலைநகரச் சண்டையில் இறங்கி 1891இல் சுடப்பட்டு இறந்தார். ஆக, ரயிலைத் தவறவிட்ட ஊர் கோர்ட்டைக் கல்லில் கட்டிப்போட்டது. இவ்வளவு பெரிய கல்லை யாரும் பெயர்த்துக்கொண்டு போகமுடியாது.

அந்தக் கணக்கு பலித்திருக்கிறது. 1900 வாக்கில் கவுண்டியில் 8,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இப்போது சுமார் 2,600. கட்டிய காலத்து எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்டத் திரும்பிவிட்டார்கள். ஆனால் கட்டடத்தில் வேலை நிற்கவில்லை. வண்டிப் பதிவு புதுப்பிக்க ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றார். ஒருவர் பத்திர நகல் கேட்டார். கருவூலர், எழுத்தர், பத்திரப் பதிவாளர், ஷெரீஃப் எல்லோரும் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள், எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். சாளரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவரை இந்தப் பக்கம் நிற்பவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். எங்கள் பக்கம் கலெக்டர் என்றால் எங்கிருந்தோ வருவார், ஊர் பழகுமுன் மாற்றல் வரும். பழைய ஓட்டுக் கட்டடத்திலிருந்த ஆபீசைப் புறவழிச் சாலையில் கண்ணாடிக் கட்டடத்துக்குக் கொண்டுபோய்விட்டு, பழையதைப் பூட்டிப்போட்டு, ஓடு சரிந்த பிறகு 'பாரம்பரியம்' என்று மனுக் கொடுக்கிறோம். பழையதைக் காப்பாற்ற அதை உபயோகிப்பதைவிட வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மாடிப்படியைப் பார்க்கத்தான் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். ஆற்றோரத்தில் வெட்டிய கறுப்பு வால்நட் மரத்தில் செய்தது. மூன்று தளத்துக்கும் ஒரே சுழல், நடுவில் தூண் இல்லை. கைப்பிடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே ஏறினால் ஒரு பொருத்துவாய் தட்டுப்படவில்லை. 150 வருடக் கைகள் அதை எண்ணெய் தடவியதுபோல் ஆக்கிவிட்டன. எழுத்தர் அலுவலகப் பெண்மணி கோப்பு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியைப் பார்க்காமலே, எங்களைத் தாண்டி விறுவிறுவென்று இறங்கிப்போனார். எனக்கு அந்தப் படியில் பிடித்தது அதுதான்.

மேலே பழைய சிறை. இரும்புக் கம்பிக்குள் சின்ன அறை. கைதிகள் கிறுக்கிய பெயர்களும் நாட்கணக்குக் கோடுகளும். அங்கிருக்கும் வட்டச் சாளரத்தின் வழியே பார்த்தால் பிராட்வே முழுக்க நேர்கோட்டில் ஆறு வரை தெரிகிறது. 1884இல் கட்டிய கிராண்ட் சென்ட்ரல் ஹோட்டல், வங்கி, காலியாக இருக்கும் இரண்டு கடைகள், வாரப் பத்திரிகை ஆபீஸ், நிழலில் நாய். அங்கே நின்றபோதுதான் தேதி உறைத்தது. 1873. இந்தக் கோபுரம் எழுந்து முடிந்த அதே ஆண்டில்தான் இருபது மைல் வடக்கே கான்சா மக்கள் மூட்டை கட்டினார்கள். நிலத்தை அளந்து பத்திரம் போட்டுப் பதிவதற்கு ஒரு கட்டடம் எழவும், பத்திரமில்லாமல் அங்கே வாழ்ந்தவர்கள் போகவும் ஒரே வருடம். இங்கே கீழ்த்தளத்தில் இருக்கும் பதிவேடுகளில் முதல் பக்கத்துக்கு முந்தின பக்கம் கிடையாது.

கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு அருங்காட்சியகம். ரோனிகர் என்ற விவசாயச் சகோதரர்கள் இருவர் தங்கள் வயலில் உழும்போதும் நடக்கும்போதும் பொறுக்கிய அம்புமுனைகளும் கல்லாயுதங்களும் அதில் இருக்கின்றன. ஆற்றோரப் பள்ளத்தில்தான் உழவு நடக்கும். அங்கேதான் பழையவர்கள் குடியிருந்ததும். வரிசை வரிசையாக, அளவு வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் எழுத்து, இந்தப் பக்கம் கல். இரண்டு கட்டடத்துக்கும் இடையே ஐம்பது தப்படி.

வில்லியம் லீஸ்ட் ஹீட்-மூன் என்ற எழுத்தாளர் இந்த ஒரு கவுண்டியைப் பற்றி மட்டும் அறுநூறு பக்கத்துக்கு மேல் எழுதினார். 'பிரெய்ரி எர்த்', 1991இல் வந்தது. அதைப் படித்துவிட்டு வருபவர்கள் இன்றும் உண்டு என்று மதியம் சாப்பிட்ட இடத்தில் பரிமாறிய அம்மாள் சொன்னார். வந்து என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டேன். "எங்களை" என்றார், கொஞ்சம் சலிப்பாக.

சாப்பாடு பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டு நிலத்தில் மாட்டிறைச்சி தின்னாதவன் பாடு கஷ்டம். எனக்குப் பொரித்த கோழியும், மசித்த உருளைக்கிழங்கின்மேல் மிளகுபோட்ட வெள்ளைக் குழம்பும் வந்தன. குழம்பு மாவுப் பதத்தில், காரமில்லாமல், ஆனால் சூடாக நன்றாகவே இருந்தது. மாப்பிள்ளை சில்லி என்ற மொச்சையும் கொத்துக்கறியும் கலந்த குழம்பை வாங்கினார். அதனோடு தொட்டுக்கொள்ள சர்க்கரைப் பாகு வழியும் பட்டை ரொட்டிச் சுருள். காரத்துக்கு இனிப்பு; கன்சாஸ் பள்ளிக்கூடங்களில் மதிய உணவாகப் போட்டுப் பழக்கியதாம். எந்தக் கறி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு பீச் பழம் வைத்த பை. அதை இருவரும் பேசிக்கொண்டே தின்றோம்.

பக்கத்து மேசையில்தான் மேய்ச்சல்காரர் ஒருவர் அறிமுகமானார். அறுபது வயதிருக்கும், கைவிரல் ஒன்று பாதி இல்லை. நான் மாடு வளர்ப்பவன் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். எத்தனை என்றார். நாலு பசு, ஒரு காளை, இரண்டு கன்று என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். தன் மேய்ச்சலில் இந்த மாதக் கடைசியில் ஆயிரத்துக்கு மேல் இளங்காளைகள் இறங்கும், ஒன்றுக்கும் பேர் கிடையாது, ஒன்றும் தன்னுடையதுமில்லை என்றார். டெக்சாஸிலிருந்து லாரியில் வரும். 90 நாள் மேயும். 80, 90 கிலோ ஏறும். பிறகு மேற்கே தீவனக் கொட்டடிக்குப் போய்விடும். நிலமும் முழுக்கத் தனதில்லை. சொந்தக்காரர்கள் எங்கெங்கோ நகரத்தில் இருக்கிறார்கள். "அப்படியானால் நீங்கள் செய்வது?" என்றேன். "புல் விற்கிறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் தெற்கே ஒரு குன்றுக்குத் தீ வைக்கிறார்கள், வந்து பாருங்கள், ஆனால் நான் சொல்கிற இடத்தில்தான் வண்டியை நிறுத்த வேண்டும் என்று எழுந்து போனார். வெள்ளிக்கிழமை. பிராட்வேயில் கிடாரும் ஃபிடிலும் எடுத்துவந்து கூடிப் பாடும் வழக்கம் உண்டு. நாற்காலிகளை அப்போதே போட்டுக்கொண்டிருந்தார்கள். தீயா பாட்டா என்றதில் நான் தீ என்றேன்.

பஜார், மேட்ஃபீல்ட் கிரீன்

காட்டன்வுட் ஃபால்ஸுக்குத் தெற்கே ஊர் என்று சொல்ல அதிகமில்லை. பஜாரில் ஒரு வெள்ளைத் தேவாலயம், சில வீடுகள். ஒரு காலத்தில் மாடுகளை ரயிலேற்றிய பெரிய முனை. இப்போது நெடுஞ்சாலை அதிகாரிகள் மாட்டு லாரிகளுக்காகவே ஒரு வெளிவாசல் வைத்திருக்கிறார்கள். நாம் காரில் இறங்கமுடியாது, மாடாக இருந்தால் இறங்கலாம்.

அங்கிருந்து தென்மேற்கே ஒரு தனியார் மேய்ச்சலுக்குள் 1931 மார்ச் 31 அன்று ஒரு பயணிகள் விமானம் விழுந்தது. எட்டுப்பேரும் இறந்தார்கள். அதில் ஒருவர் நட் ராக்னி, நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஃபுட்பால் பயிற்சியாளர். நம் ஊரில் ஒரு சினிமா நட்சத்திரம் போனால் எப்படியோ, அப்படி நாடே அழுதிருக்கிறது. மரத்தாலான இறக்கை பிய்ந்ததே காரணம் என்று தெரிந்தபின் மர இறக்கை விமானங்கள் வழக்கொழிந்தன, முழு உலோக விமானங்களுக்கு அவசரம் பிறந்தது. மாப்பிள்ளை வேலை பார்ப்பது விமானத் தொழிலில். சாலையோரம் காரை நிறுத்தி அந்தத் திசையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்த விமானத்திடம் ஓடிவந்தவர்களில் 13 வயதுப் பையன் ஒருவன், ஈஸ்டர் ஹீத்மன். 2008இல் இறக்கும்வரை, தேடி வந்தவர்களையெல்லாம் அந்த நினைவுக்கல்லுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார், காசு வாங்கியதில்லை.

தீக்கு ஏழெட்டுப்பேர் சேர்ந்திருந்தார்கள். எல்லாம் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள், ஒருவர் குன்றுக்கு மற்றவர் கை. பிக்கப் வண்டிகளில் தண்ணீர்த் தொட்டியும் தெளிப்பானும். முதலில் நம் விரலிழந்த நண்பர் கவுண்டி அலுவலகத்துக்குப் போன் செய்து எந்தக் குன்று, எத்தனை மணி என்று சொன்னார். சொல்லாமல் வைத்தால் புகையைப் பார்த்துத் தீயணைப்பு வண்டி வந்துவிடும். பிறகு காற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கோடு வைத்து மெல்ல எரியவிட்டார்கள். அது கரிப்பட்டையாகி வேலிபோல் ஆனதும், மறுபக்கம் போய், சொட்டுவிளக்கைச் சாய்த்துக்கொண்டே ஓர் இளம்பெண் நடந்தாள். அவளுக்குப் பின்னால் நெருப்பு எழுந்தது. காற்று அதை வாங்கிக்கொண்டது. ஒரு ஃபர்லாங் நீளத் தீ ஆளுயரம் எழும்பிக் குன்றேறிப் போகும் ஓசையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. முயல் ஒன்று எங்கள் காருக்கடியில் வந்து ஒளிந்தது. இரண்டு தீயும் மேலே சந்தித்ததும் எதுவும் மிச்சமில்லாமல் தானாக அணைந்தது. யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. அந்தப் பெண் அவருடைய பேத்தியாம், பள்ளிக்கூடக் கடைசி வருடம்.

சுற்றிலும் தூரக் குன்றுகளிலும் தீக்கோடுகள். நண்பர் வண்டியின் பின்கதவை இறக்கி உட்கார்ந்து, குளிர்பானம் ஒன்றை என்னிடம் நீட்டினார். உங்கள் ஊர் வேலி எப்படி என்றார். மாப்பிள்ளை மொழிபெயர்க்க, கிளுவையைப் பற்றி நான் சொன்னேன்: போத்தை வெட்டி நட்டால் போதும், வேர்விடும், முள் இருக்கும், ஆடு புகாது, வருடத்துக்கு ஒருமுறை கவாத்து, என் பாட்டன் நட்டது இன்னும் நிற்கிறது.

அவர் ஆர்வமாகக் கேட்டார். ஆளுக்குக் கூலி, கம்பிக்குக் காசு எதுவும் இல்லையா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு எதிரே புகைந்துகொண்டிருந்த குன்றைக் காட்டி, இதற்கு என்ன செய்யும் என்றார்.

"தாங்காதுங்க" என்றேன். "கருகிப்போகும்."

"அப்படியானால் எனக்குக் கல்லே போதும்" என்று எழுந்து, தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, தீ முடிந்தது என்று சொல்வதற்குக் கவுண்டி அலுவலகத்துக்குப் போன் போட்டார்.